சிட்னி குடாவின் முதல் ஆண்டு: பண்டகசாலையும் நீதிமன்றமும்

நெய்தல்வாசன் எழுதியது:

ஓர் ஊரின் பொதுவாழ்வு என்றதும் சந்தை, கோயில், ஊர்ச்சபை, செய்தித்தாள் என்று நம் மனம் தேடத் தொடங்கிவிடும். 1788 ஜனவரி 26 அன்று ஆளுநர் ஆர்தர் பிலிப் ஆஸ்திரேலியாவின் சிட்னி குடாவில் கொடியேற்றியதிலிருந்து அடுத்த ஆண்டு மார்ச் வரையிலான நிகழ்வுகளைச் சில வாரங்களாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். இங்கிலாந்திலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளும் அவர்களைக் காத்த படைவீரர்களுமாக 11 கப்பல்களில் வந்து இறங்கிய ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு அங்கே கடைத்தெரு இல்லை, கட்டிய தேவாலயம் இல்லை, கருத்துச் சொல்ல ஒரு சபையும் இல்லை. அவர்கள் கூட்டமாக ஓரிடத்தில் நின்றது ஞாயிறு வழிபாட்டுக்கும், அரசுப் பண்டகசாலையில் வாரத்துக்கான உணவுப்படி வாங்குவதற்கும், யாரேனும் தண்டிக்கப்படும்போது பார்ப்பதற்கும்தான்.

பிப்ரவரி 7 அன்று நடந்ததை முதலில் சொல்கிறேன். மரம் வெட்டிச் சீர்செய்த வெளியில் கைதிகள் தரையில் உட்காரவைக்கப்பட்டார்கள். படைவீரர்கள் அவர்களைச் சூழ்ந்து நின்றார்கள். மேசை ஒன்றின்மேல் அரச ஆணைகள் வைக்கப்பட்டிருந்தன. டேவிட் காலின்ஸ் அவற்றை உரக்க வாசித்தார். இவர்தான் குடியேற்றத்தின் தலைமை நீதி அதிகாரி; ஆனால் கடற்படைக் காவற்பிரிவிலிருந்து வந்தவர், சட்டம் பயின்றவரல்லர். நான்கு நாள் கழித்து, 11ஆம் தேதி, குற்றவியல் நீதிமன்றம் முதன்முறையாகக் கூடியது. ரொட்டி திருடிய தாமஸ் ஹில் என்பவரை ஒரு வாரம் பச்சைத் தண்ணீரும் ரொட்டியும் மட்டும் கொடுத்துத் துறைமுகத்து நடுவே இருக்கும் பாறைத்தீவில் விலங்கோடு வைக்கும்படி அது தீர்ப்பளித்தது.

இதுவரை எதிர்பார்க்கக்கூடியதே. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஜூலை மாதத்து வழக்கு ஒன்று. ஹென்றி கேபிள், சூசன்னா ஹோம்ஸ் இருவரும் நார்விச் சிறையில் சந்தித்தவர்கள். அங்கேயே அவர்களுக்குக் குழந்தை பிறந்தது. கப்பலேற்றுவதற்காகத் தாயையும் சேயையும் பிளிமத் துறைக்கு அழைத்துச் சென்றபோது, குழந்தையை ஏற்க மாட்டேன் என்று அங்கிருந்த அதிகாரி மறுத்துவிட்டார். உடன் சென்ற சிறைக்காவலர் ஜான் சிம்ப்சன் கைக்குழந்தையோடு லண்டனுக்குப் பயணம் செய்து, உள்துறைச் செயலராக இருந்த சிட்னி பிரபுவைச் சந்தித்து, குடும்பத்தைச் சேர்த்துவைக்க உத்தரவு வாங்கினார். அந்தப் பிரபுவின் பெயரைத்தான் பிறகு குடாவுக்கே வைத்தார்கள். செய்தித்தாளில் இதைப் படித்தவர்கள் 20 பவுண்டு திரட்டினார்கள். அந்தப் பணத்தில் வாங்கிய துணிமணிகளும் புத்தகங்களும் ஒரு மூட்டையாகக் கட்டப்பட்டு 'அலெக்சாண்டர்' கப்பலில் ஏற்றப்பட்டன. சிட்னியில் கரை சேர்ந்தபோது புத்தகங்கள் மட்டுமே கிடைத்தன. பிப்ரவரி 10 அன்று மணமுடித்திருந்த இந்த இணையர், கையெழுத்துப் போடத் தெரியாமல் கீறல் இட்டுக் கொடுத்த பிராதின் பேரில், கப்பல் தலைவர் டங்கன் சின்க்ளேர் நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டார். கிடைத்த புத்தகங்களின் மதிப்பைக் கழித்துக்கொண்டு, 15 பவுண்டு கொடுக்கும்படி அவருக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று.

ஆஸ்திரேலிய மண்ணின் முதல் உரிமையியல் வழக்கு இது. வாதிகள் இருவரும் தண்டனைக் கைதிகள். சுதந்திரமான ஒரு கப்பல் தலைவருக்கு எதிராக அவர்களை வெல்லவைக்கும் அளவுக்கு அந்த நீதிமன்றத்துக்கு என்ன அவசியம் இருந்தது? இதைத்தான் இங்கே பேசலாம் என்று விரும்புகிறேன்.


வழக்குரைத்தவன் எழுதியது:

நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள், நண்பரே. இந்த வழக்கு எவ்வளவு அசாதாரணமானது என்பதை விளக்க, அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தைச் சற்றுச் சொல்ல வேண்டும். மரண தண்டனைக்குரிய பெருங்குற்றத்தில் தீர்ப்புப் பெற்றவர், பிறகு அந்தத் தண்டனை நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டாலும், சட்டத்தின் பார்வையில் இறந்தவராகவே கருதப்பட்டார். சொத்து வைத்துக்கொள்ளவும், ஒப்பந்தம் செய்யவும், வழக்குத் தொடுக்கவும், சாட்சி சொல்லவும் அவருக்கு உரிமை இல்லை. ஹென்றி, சூசன்னா இருவருமே அப்படி மரண தண்டனை பெற்றுப் பிறகு குறைக்கப்பட்டவர்கள். ஆகையால் இங்கிலாந்தில் இந்த வழக்கு வாசலிலேயே தள்ளுபடியாகியிருக்கும்.

சிட்னியில் அது எப்படித் தாண்டிப் போயிற்று என்பதற்கு வழக்கின் தாளிலேயே ஓர் அடையாளம் இருக்கிறது. வாதிகள் யார் என்று எழுதும் இடத்தில், வழக்கமாக ஒருவரின் தொழிலோ நிலையோ குறிக்கப்படும். அங்கே முதலில் எழுதிய 'இவ்விடத்துப் புதுக் குடியேறிகள்' என்னும் சொற்களின்மேல் கோடு இழுக்கப்பட்டிருக்கிறது. கைதிகள் என்றும் எழுதவில்லை. யார் அடித்தார்கள், எந்தக் கணத்தில் அடித்தார்கள் என்பதைத் தாள் சொல்லாது. ஆனால் குடியேறிகள் என்று எழுதினால் பொய்யாகும், கைதிகள் என்று எழுதினால் வழக்கு செத்துவிடும் என்ற நெருக்கடியில், அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுவதே வழி என்று அவர்கள் கண்டிருக்க வேண்டும் என்பது என் வாசிப்பு. காலின்சோடு அமர்ந்தவர்கள் மருத்துவர் ஜான் வைட்டும் பாதிரியார் ரிச்சர்ட் ஜான்சனும். மூவரில் ஒருவருக்கும் சட்டப் பட்டம் இல்லாதது இந்த ஒரு வழக்கில் நன்மையாகவே முடிந்தது என்பேன்.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1820இல், சட்டம் தெரிந்த நீதிபதியான பாரன் ஃபீல்ட், மன்னிப்புப் பெற்ற எட்வர்ட் ஈகர் என்பவருக்கே வழக்காடும் தகுதி இல்லை என்று மறுத்துவிட்டார். 1788இல் திறந்த கதவு எப்போதைக்குமாகத் திறந்திருக்கவில்லை.


மலைச்சாரல் எழுதியது:

இந்த ஒரு வழக்கை மட்டும் வைத்து அந்தக் குடியேற்றத்தைக் கருணையுள்ளதாக எண்ணிவிடக் கூடாது. முதல் நீதிமன்றம் கூடிய 16 நாட்களில் முதல் தூக்கும் நடந்துவிட்டது. பிப்ரவரி 27 அன்று தாமஸ் பாரெட் என்பவர், பண்டகசாலைக்குரிய உணவைத் திருடிய குற்றத்துக்காக, ஆண்கள் கூடாரங்களுக்கும் பெண்கள் கூடாரங்களுக்கும் நடுவிலிருந்த மரத்தில் தூக்கிலிடப்பட்டார். எல்லாக் கைதிகளும் வந்து பார்க்க வேண்டும் என்பது உத்தரவு. வந்த கப்பலின் நினைவாக வெள்ளிப் பதக்கம் ஒன்றில் நுணுக்கமாகப் படம் செதுக்கியவர் இதே பாரெட்தான் என்று கருதப்படுகிறது. கைவினைஞர்கள் போதாமல் தவித்த இடத்தில் முதலில் போனது ஒரு கைவினைஞரின் உயிர்.

தூக்கு மாட்டவும் ஆள் கிடைக்கவில்லை. மாவு திருடியதற்காக மரண தண்டனை பெற்ற ஜேம்ஸ் ஃப்ரீமன் மரத்தடிக்குக் கொண்டுவரப்பட்டபோது, குடியேற்றத்தின் தூக்கிலிடுபவராக இருக்க ஒப்புக்கொண்டால் உயிர் தப்பலாம் என்று நிபந்தனை வைத்தார்கள், அவர் ஒப்புக்கொண்டார். ஒரு பொதுப்பதவி இப்படித்தான் அங்கே நிரப்பப்பட்டது. இந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.


டூங்காபிவாசி எழுதியது:

சிட்னியின் மேற்குப் புறத்தில், நம் மக்கள் நிறைய வாழும் டூங்காபியில் இருபது ஆண்டுகளாக வசிக்கிறேன். பக்கத்து பரமட்டா 1788 நவம்பரில் 'ரோஸ் ஹில்' என்ற பெயரில் தொடங்கிய பண்ணையிலிருந்து வளர்ந்த ஊர். அந்தப் பண்ணை ஏன் தொடங்கப்பட்டது என்று கேட்டால், நெய்தல்வாசன் கேட்ட கேள்விக்கும் விடை கிடைக்கும் என்று நம்புகிறேன்.

எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்தது பண்டகசாலை. வாரத்துக்கு ஓர் ஆணுக்கு 7 ராத்தல் கப்பல் ரொட்டி, 1 ராத்தல் மாவு, 7 ராத்தல் மாட்டிறைச்சி அல்லது 4 ராத்தல் பன்றியிறைச்சி, 3 பைண்ட் பட்டாணி, 6 அவுன்சு வெண்ணெய் என்பது படி. பெண்களுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. இதில் கவனிக்க வேண்டியது, சாராயம் தவிர மற்றவற்றில் காவல் வீரருக்கும் கைதிக்கும் ஒரே அளவு என்பது. படைத்தளபதி ராபர்ட் ராஸுக்கும் அவருடைய அதிகாரிகளுக்கும் இது பொறுக்கவில்லை; கைதிகளை வேலை வாங்குவது தங்கள் கடமையல்ல என்றும் அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அதனால் கைதிகளிலிருந்தே கங்காணிகளை நியமிக்க நேர்ந்தது.

குடாவைச் சுற்றிய மண் மணற்பாங்கானது. முதல் விதைப்பு பொய்த்தது. ஜூன் தொடக்கத்தில் மேய்ப்பவரின் கவனக்குறைவால் இரண்டு காளைகளும் நான்கு பசுக்களும் காட்டுக்குள் போய்விட்டன. அக்டோபர் தொடக்கத்தில் 'சிரியஸ்' கப்பலை மாவு வாங்கிவர நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பினார் பிலிப். அதே நேரத்தில் வாரப்படியில் ஒரு ராத்தல் மாவு குறைந்தது. கப்பல் திரும்பியது 1789 மே மாதத்தில். அந்த ஏழு மாதங்களும் மாவு மூட்டைகளை எண்ணிக்கொண்டே எல்லோரும் வாழ்ந்தார்கள். உள்நாட்டில் நல்ல மண் தேடி, ஆற்று வழியே ரோஸ் ஹில்லுக்குப் போனதும் இதனால்தான்.

ஆகவே, சகோதரர் மலைச்சாரல் சொல்லும் தூக்குமரத்தையும், கேபிள் வழக்கையும் இரண்டு வேறு மனநிலைகளாக நான் பார்க்கவில்லை. காசு புழங்காத, வாங்க ஏதும் இல்லாத ஊரில், ஒருவரிடம் இருப்பது அவருடைய படியும் அவர் கொண்டுவந்த மூட்டையும் மட்டுமே. அவை பாதுகாப்பாக இருக்கும் என்ற நம்பிக்கை போய்விட்டால் அடுத்த நாள் ஒருவரும் மண்வெட்டியைத் தொட மாட்டார்கள். திருடியவரைத் தூக்கிலிட்ட அதே அச்சம்தான், திருட்டுக்கொடுத்தவர் கைதியாக இருந்தாலும் அவர் பக்கம் நிற்கச் செய்தது.


நெய்தல்வாசன் எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்ன கோணத்தில் யோசித்தபோது ஜூன் 4 அன்று நடந்தவை எனக்கு வேறாகத் தெரிகின்றன. மன்னரின் பிறந்தநாளான அன்று கப்பல்கள் பீரங்கி முழங்கின. குடியேற்றத்தைச் சூழ்ந்த நிலப்பகுதிக்குக் கம்பர்லாந்து என்று பெயரிடப்பட்டது. பாறைத்தீவில் விலங்கோடு கிடந்தவர்களுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. கைதிகளுக்கும் சாராயம் ஊற்றிக் கொடுத்து, பெரிய தீ மூட்டிக் கொண்டாடினார்கள். அந்த ஆண்டில் எல்லோரும் சேர்ந்து மகிழ்ந்த ஒரே பொதுவிழா அதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. அதே இரவில் இருபது வயதைத் தாண்டாத சாமுவேல் பெய்ட்டன், ஓர் அதிகாரியின் கூடாரத்தில் திருட நுழைந்து பிடிபட்டான். மாதம் முடிவதற்குள், 25ஆம் தேதி, தூக்கிலிடப்பட்டான். அவனோடு தூக்கிலேறிய எட்வர்ட் கார்பெட், மாடுகள் தொலைந்த செய்தியோடு தொடர்புடையவன்.

1789 மார்ச் மாதத்து நிகழ்ச்சிதான் நீங்கள் சொன்னதற்கு வலுவான சான்று. பண்டகசாலைப் பூட்டுக்குள் உடைந்த சாவித்துண்டு ஒன்று சிக்கிக் கிடப்பதைப் பொறுப்பாளர் ஒருநாள் காலையில் கண்டார். அதைக் கொல்லரிடம் காட்டியதும், இது இன்ன வீரர் என்னிடம் கொடுத்த சாவி என்று அவர் அடையாளம் சொல்லிவிட்டார். காவலுக்கு நிறுத்தப்பட்ட வீரர்களே கள்ளச்சாவி செய்துகொண்டு, தங்களில் ஒருவர் காவல் நிற்கும் இரவுகளில் மற்றவர்களை உள்ளே விட்டு, எட்டு மாதங்களுக்கும் மேலாக மாவும் சாராயமும் எடுத்துவந்தது வெளிப்பட்டது. ஏழு பேரில் ஒருவர் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறினார். மற்ற ஆறு பேரும் மார்ச் 27 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். இம்முறை கைதிகளைக் காத்தவர்களே தூக்கில் தொங்கினார்கள். படியில் சமம் என்று தொடங்கியது தண்டனையிலும் சமமாக வந்து நின்றது.


அல்லிக்கேணி எழுதியது:

இதுவரை எழுதிய எல்லோரும் சமம் என்ற சொல்லைக் கப்பலில் வந்தவர்களுக்கு மட்டும் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அந்தக் குடா கடிகல் என்னும் பூர்வகுடி மக்களுக்குச் சொந்தமான இடம். அவர்களுக்குப் பண்டகசாலையில் படி கிடையாது, நீதிமன்றத்தில் பெயரும் கிடையாது. கேபிள் இணையரின் காணாமற்போன மூட்டையைப் பற்றி இவ்வளவு பேசினோம். அதே மாதங்களில் காணாமற்போன வேறு பொருட்களைப் பற்றியும் பேச வேண்டும்.

கடிகல் ஆண்கள் மீன் குத்தும் பல்முனை ஈட்டிகளைப் பாறைகள்மேல் வைத்துவிட்டுப் போவது வழக்கம். தங்களுக்குள் யாரும் எடுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை. கைதிகள் அவற்றை எடுத்துவந்து, ஊருக்குக் கொண்டுபோய் விந்தைப்பொருளாகக் காட்ட விரும்பிய மாலுமிகளுக்கு விற்றார்கள். ஆளுநர் தடை உத்தரவு போட்டும் இது நிற்கவில்லை. ஓர் ஈட்டி என்பது அந்தக் குடும்பத்தின் அன்றைய சோறு. இந்தத் திருட்டுக்காக அந்த ஆண்டில் கூடிய எந்த நீதிமன்றத்திலும் கடிகல் மனிதர் ஒருவர் வாதியாக நின்றதில்லை, நிற்கவும் முடியாது. கிறித்தவ முறைப்படி சத்தியம் செய்ய முடியாதவர்களின் சாட்சியத்தை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. நியூ சவுத் வேல்சில் அந்தத் தடை சட்டப்படி நீங்கியது 1876இல்தான்.

குளிர்காலத்தில் துறைமுகத்தில் மீன் அருகிவிடும். அந்த நேரத்தில் பெரிய இழுவலைகளைப் போட்டு வந்தவர்கள் வாரிக்கொண்டால், கரையில் இருப்பவர்களுக்கு என்ன மிஞ்சும்? ஜூலை மாதத்தில், கேபிள் வழக்கு நடந்த அதே மாதத்தில், ஆயுதங்களோடு வந்த ஒரு குழு வலையில் விழுந்த மீனில் ஒரு பகுதியைப் பலவந்தமாக எடுத்துச் சென்றது. குடியேற்றத்தின் குறிப்புகளில் இது கொள்ளை. தங்கள் நீரில் பிடித்த மீனில் தங்கள் பங்கை எடுத்தார்கள் என்று நான் சொல்வேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1788 மே 15 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட ஆளுநர் மாளிகைக்குச் செங்கல் சுட மண் கிடைத்தது; சுண்ணாம்புக்கல் கிடைக்கவில்லை. கரையோரம் கிடந்த சிப்பி ஓடுகளைக் கைதிப் பெண்கள் பொறுக்கி வந்தார்கள். அவற்றைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். அந்த ஓடுகளில் பெரும்பகுதி பல தலைமுறைக் கடிகல் மக்கள் உண்டு குவித்தவை. குடியேற்றத்தின் முதல் கௌரவமான கட்டடத்தின் சுவருக்குள் அந்த மக்களின் அடுப்படிச் சாம்பல் கலந்திருக்கிறது.


வழக்குரைத்தவன் எழுதியது:

அம்மா சொல்வதை ஏற்கிறேன். சட்டத்தின் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்க வேண்டும். பிலிப்புக்கு லண்டன் கொடுத்த அறிவுறுத்தலில், பூர்வகுடிகளோடு நட்போடு பழக வேண்டும் என்றும், காரணமின்றி அவர்களைத் துன்புறுத்துவோரைத் தண்டிக்க வேண்டும் என்றும் இருந்தது. பிலிப் அதை மெய்யாகவே கடைப்பிடிக்க முயன்றார் என்பது என் எண்ணம். நிலத்தைப் பற்றி உடன்படிக்கை செய்யச் சொல்லி எந்த வரியும் அதில் இல்லை. நட்பு வேண்டும், ஆனால் சம்மதம் கேட்க வேண்டியதில்லை என்ற அந்த இடைவெளியை ஆஸ்திரேலியாவின் உயர் நீதிமன்றம், பூர்வகுடிகளின் நில உரிமை பற்றிய மாபோ வழக்கில் தொட்டது 1992 ஜூன் 3 அன்றுதான்.

நட்பு கைகூடவில்லை என்று கண்டதும் பிலிப் எடுத்த முடிவை நான் நியாயப்படுத்த மாட்டேன். 1788 டிசம்பர் 31 அன்று, மேன்லிக் கரையில் அரபானு என்ற மனிதரைப் படகில் இழுத்துப்போட்டுக் கொண்டுவந்தார்கள். மொழியும் வழக்கமும் கற்றுக்கொள்வதற்காகவாம். கையில் மாட்டிய விலங்கை முதலில் அவர் ஆபரணம் என்று எண்ணி மகிழ்ந்தார். அது எதற்கென்று புரிந்ததும் அவருடைய மகிழ்ச்சி கொதிப்பாக மாறியது. மறுநாள் புத்தாண்டு விருந்தில் ஆளுநரின் மேசையருகே அவரை அமர்த்தினார்கள்.


டூங்காபிவாசி எழுதியது:

அரபானுவைக் குறிப்பிட்டதால் மார்ச் மாதத்தில் நடந்த மற்றொன்றையும் எழுதிவிடுகிறேன். செங்கல் சூளையில் வேலை செய்த 16 கைதிகள், பூர்வகுடிகளைத் தாக்கி அவர்களுடைய ஈட்டிகளைப் பறிக்கும் நோக்கத்தோடு பொட்டனி குடாப் பக்கம் போனார்கள். அவர்களில் ஒருவர் கொல்லப்பட்டார், ஏழு பேர் காயமுற்றார்கள். திரும்பியவர்களுக்குத் தலா 150 கசையடி விதித்த பிலிப், அரபானுவை அழைத்துவந்து அருகில் நிறுத்தி, உங்கள் மக்களுக்குத் தீங்கு செய்ததற்காகவே இந்தத் தண்டனை என்று விளக்கச் செய்தார். நீதி செய்யப்படுகிறது என்று அவர் மனம் குளிர்வார் என்பது எதிர்பார்ப்பு. அவருடைய முகத்தில் தெரிந்தது அருவருப்பும் அச்சமும் மட்டுமே என்று உடனிருந்த அதிகாரி வாட்கின் டெஞ்ச் எழுதியிருக்கிறார். இரண்டே மாதத்தில், துறைமுகக் கரைகளெங்கும் அவருடைய மக்களைக் கொன்ற அம்மை நோயில், அந்த நோயாளிகளுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த அரபானுவும் மே 18 அன்று இறந்துபோனார்.


அல்லிக்கேணி எழுதியது:

நீங்கள் அரபானுவின் முகத்தைச் சொன்னதும், இரண்டு ஆண்டு கழித்து நடந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. இந்த இழை எடுத்துக்கொண்ட ஆண்டுக்கு வெளியே போனாலும், அல்லிக்கேணிப் பக்கத்துப் பிடிவாதத்தோடு அதை எழுதுகிறேன்.

1791 மே மாதத்தில், கோல்பி என்பவரின் மனைவி தாரிங்காவுடைய மீன்பிடிக் கருவிகளைத் திருடும்போது ஒரு கைதி கையும் களவுமாகப் பிடிபட்டான். முன்பு ஈட்டிகள் போனபோது கிடைக்காத தீர்ப்பு இப்போது கிடைத்தது: கூடுமானவரை எல்லாப் பூர்வகுடிகளையும் வரவழைத்து, காரணத்தை எடுத்துச்சொல்லி, அவர்கள் கண்முன்னே அவனுக்குக் கசையடி கொடுக்கும்படி ஆளுநர் உத்தரவிட்டார். ஆண்களும் பெண்களும் வந்து நின்றார்கள். அடிபடுபவனுக்காக இரங்காதவர் அவர்களில் ஒருவரும் இல்லை. பொருளைப் பறிகொடுத்த தாரிங்கா அழுதாள். அவள் அருகே நின்ற பாரங்காரு ஒரு கோலைப் பிடுங்கிக்கொண்டு, கசையைப் பிடித்திருந்தவனை மிரட்டினாள்.


நெய்தல்வாசன் எழுதியது:

அம்மா, கேபிள் வழக்கில் கோடு இழுக்கப்பட்ட அந்த இடத்திலிருந்து இந்த இழையைத் தொடங்கினேன். பறிகொடுத்தவரையே வாதி என்று அழைத்து, அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் நீதிமன்றம் ஹென்றிக்கும் சூசன்னாவுக்கும் ஒருமுறை கிடைத்தது. தாரிங்காவிடம் அப்படி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தூண்டிலையும் கயிற்றையும் திருப்பிக் கொடுங்கள், அவனை அவிழ்த்து விடுங்கள் என்று சொல்லியிருப்பாளோ என்று நினைக்கிறேன். அடுத்து, 1789 ஆகஸ்டில் பன்னிரண்டு கைதிகளைக் கொண்டே அமைக்கப்பட்ட இரவுக்காவலைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்; கைதிக் காவலர் தம் வீரர் ஒருவரை வழிமறித்ததற்காக ராஸ் தளபதி கொதித்தெழுந்த செய்தியை அங்கே பேசலாம்.